சூரத்தின் சாணைச் சக்கரம் ஏன் நின்றது?



2008 தீபாவளி விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்ற சூரத் வைரத் தொழிலாளர்களில் பலருக்குத் திரும்பி வர வேலை இல்லை. பட்டறைகள் திறக்கப்படவில்லை. அம்ரேலி, பாவ்நகர் மாவட்டக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்கு வந்து, ‘கண்டி’ எனப்படும் சாணைச் சக்கரத்தைச் சுற்றி அமர்ந்து வைரங்களுக்குப் பட்டை தீட்டியவர்கள் அவர்கள். அமெரிக்காவில் ஒரு வங்கி திவாலானால் சூரத்தில் சக்கரம் ஏன் நிற்க வேண்டும்? அத்தொழிலாளியின் கேள்வி இதுதான்.

முதலாளித்துவ ஊடகங்கள் நெருக்கடியை ஒரு புயலைப் போல வர்ணித்தன. புயலுக்குப் பொறுப்பாளி இல்லை; நெருக்கடிக்கு உண்டு.

1970களுக்குப் பிறகு அமெரிக்கத் தொழிலாளியின் உண்மை ஊதியம் பெரும்பாலும் தேங்கியே நின்றது. உற்பத்தித்திறனோ உயர்ந்துகொண்டே சென்றது. உற்பத்தியான பண்டங்களை வாங்க உழைப்பாளியிடம் பணம் இல்லை. ஊதியத்தை உயர்த்த மறுத்த மூலதனம், கடனை நீட்டியது. திருப்பிச் செலுத்த வழியற்றவர்களுக்கும் வீட்டுக்கடன் வழங்கப்பட்டது. அக்கடன் பத்திரங்கள் மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டு, உயர்ந்த தரச்சான்று பெற்று, உலகெங்கும் விற்கப்பட்டன. வட்டி உயர்ந்தது, வீட்டு விலை சரிந்தது, தவணைகள் நின்றன. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது.

வைரநகைகளின் மிகப்பெரிய சந்தை அமெரிக்கா. அங்கு நகை விற்பனை வீழ்ந்ததும் ஆர்டர்கள் நின்றன. பட்டை தீட்டாத வைரக்கற்களை வாங்கத் தேவையான வங்கிக்கடனும் சுருங்கியது. கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்து, இறுதியில் சக்கரம் நின்றது. பெருமுதலாளியிடம் சேமிப்பு இருந்தது. கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற தொழிலாளியிடம் நியமனக் கடிதம்கூட இல்லை.

லேமன் வீழ்ந்த மறுநாளே ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்தைக் காக்க 8,500 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 3 அன்று நிதி நிறுவனங்களை மீட்க 70,000 கோடி டாலருக்குச் சட்டம் இயற்றப்பட்டது. லாபம் தனியாருக்கு, நட்டம் மக்களுக்கு என்பதே இதன் பொருள். சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்று உபதேசித்தவர்கள்தாம் அரசுக் கருவூலத்தின் வாசலில் வரிசையில் நின்றனர்.

இந்தியாவில் மட்டும் நடந்தது என்ன? தொழிலாளர் பணியகத்தின் மாதிரி ஆய்வு, 2008 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆய்வுக்குட்பட்ட துறைகளில் மட்டும் சுமார் 5 லட்சம் பேர் வேலை இழந்ததாக மதிப்பிட்டது. டிசம்பரில் மத்திய அரசு கலால் வரியை 4 சதவிகிதப் புள்ளி குறைத்தது. சலுகை பெறும் முதலாளி ஆட்குறைப்பு செய்யக் கூடாது என்ற நிபந்தனை விதிக்கப்படவில்லை.

இந்திய வங்கிகள் சரியவில்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் ஆட்சியாளர்களின் தொலைநோக்கு அல்ல. 1969இல் 14 வங்கிகளும் 1980இல் 6 வங்கிகளும் தேசியமயமாக்கப்பட்டன. அவற்றைத் தனியாருக்குத் தாரைவார்க்கும் முயற்சிகளை வங்கி ஊழியர் சங்கங்களும் இடதுசாரிகளும் தொடர்ந்து எதிர்த்து வந்தனர். எனினும் வங்கி நிலைத்து நின்றபோதும் சூரத் தொழிலாளி வீழ்ந்தார். அந்நியச் சந்தையை நம்பிய வளர்ச்சி, அச்சந்தை சுருங்கும்போது உழைப்பாளியைத் தெருவில் விடும். கூலி உயர்வு, நிலச்சீர்திருத்தம், கிராமப்புற வேலைவாய்ப்பு ஆகியவற்றின் வழியே உள்நாட்டு மக்களின் வாங்கும் சக்தியை உயர்த்துவதே மாற்றுப் பாதை.

கட்சி உறுப்பினர்கள் இந்த விளக்கத்தைத் தொழிலாளியிடம் எளிய சொற்களில் கொண்டுசெல்ல வேண்டும். ஆயினும் விளக்கம் மட்டும் அடுப்பை எரிய வைக்காது. சூரத் பட்டறைகளின் பெரும்பகுதியில் கேட்க ஒரு சங்கம் இல்லை. வருங்கால வைப்புநிதி இல்லை. வேலை போனதற்கு ஆவணமும் இல்லை. கதவு மூடிய பின் சங்கம் கட்டுவது கடினம். சக்கரம் சுழலும்போதே, நியமனக் கடிதமும் சமூகப் பாதுகாப்பும் கோரி, முறைசாராத் தொழிலாளர்களைத் திரட்டுவது உடனடிக் கடமை. அடுத்த நெருக்கடி முன்னறிவிப்புத் தந்துவிட்டு வராது.