குறைமாதக் குழந்தைக்கு ரத்தம் குறைவது ஏன்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சில மாதங்களுக்கு முன்னால் நம்ம குழு உறுப்பினர் ஒருவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தோம். ஏழாம் மாசத்திலேயே பிரசவம். ஒரு கிலோ எடையில் பெண் குழந்தை. மூன்றாவது வாரம், "குழந்தைக்கு ரத்தம் குறைவா இருக்கு, ஏத்தணும்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "நான் சரியா சாப்பிடலையோ" என்று தாய் அழுகிறார். "தினம் குத்திக் குத்தி எடுத்தா குறையாம என்ன செய்யும்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்கிறார் மாமியார். அன்று டாக்டரிடம் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

இதில் தாயின் மேல் பழி சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை தனக்கு வேண்டிய இரும்புச்சத்தில் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாசத்தில்தான் தாயிடமிருந்து வாங்கிச் சேர்க்கிறது. முன்னாடியே பிறந்துவிட்டால், சேமிப்பு சேருவதற்குள் செலவு வந்துவிட்ட கதைதான்.

இன்னொரு காரணம், ரத்த அணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன். குறைமாதக் குழந்தைக்கு அது போதுமான அளவு சுரப்பதில்லை.

மாமியார் சொன்னதிலும் உண்மை உண்டு. ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 80 முதல் 100 மில்லிதான். பரிசோதனைக்கு எடுப்பதும் அதிலிருந்துதான் போகிறது. ஆனால் பரிசோதனை செய்யாமல் அந்தக் குழந்தையைக் காப்பாற்ற முடியாது.

"அந்த ஹார்மோனையே ஊசியாப் போடக்கூடாதா?" என்று கேட்டோம். போடலாம். சிறுநீரகம் பழுதான பெரியவர்களுக்குப் போடும் அதே ஊசிதான். இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுத்தால், ரத்தம் ஏற்ற வேண்டிய தடவைகள் ஓரளவு குறைகின்றன. ஆனால் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். உடனே ரத்தம் தேவைப்படும் குழந்தைக்கு ஏற்றித்தான் ஆகவேண்டும். அதனால் எல்லாக் குழந்தைக்கும் இந்த ஊசி போடுவதில்லை. டாக்டர்தான் முடிவு செய்வார்.

நம்மால் செய்யக்கூடியவை:

1. குழந்தை நன்றாக மூச்சுவிட்டால், தொப்புள்கொடியைக் குறைந்தது ஒரு நிமிஷம் கழித்து வெட்டும்படி பிரசவத்துக்கு முன்பே கேளுங்கள். குழந்தைக்குக் கூடுதல் ரத்தம் போய்ச் சேரும்.

2. வீட்டுக்கு வந்த பின் டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

3. முதல் மாசத்துக்குள் குழந்தையின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை பாதிக்கலாம்.

4. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி நம் நாட்டில் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு ரத்தசோகை. இதனால் குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பும் கூடுகிறது. மலம் கறுப்பாகப் போகுது என்று மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். அது சாதாரணம்தான். 180 நாளும் சாப்பிடுங்கள்.

5. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், வாகனம் எல்லாம் இலவசம். வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை.

அந்தக் குழந்தைக்கு ரத்தம் ஏற்றினார்கள். சம்மதம் சொல்லிக் கைநாட்டு வைத்தது மாமியார்தான்! இன்று குழந்தை வீட்டில் நலமாக இருக்கிறது. சொட்டு மருந்து கொடுக்கும் பொறுப்பும் பாட்டியுடையதே.

அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு எழுதும்போது, "நம்ம குழுவில் கர்ப்பிணி யார்? மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்ற கேள்வியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோமா?