வயிற்றுப்புண் உள்ளவர் யாத்திரை கிளம்பினால்



அறுவடை முடிந்ததும் நம் ஊர்ப்பக்கம் பலர் கணவன் மனைவியாகக் காசிக்கும் திருப்பதிக்கும் கிளம்புவார்கள். இருவரில் ஒருவருக்கு அல்சர் என்கிற வயிற்றுப்புண் இருந்தால் என்ன செய்வது? பயணத்தை நிறுத்த வேண்டாம். "போய்ட்டு வந்து பாத்துக்கலாம்" என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம்.

இரைப்பையில் தங்கும் ஒரு கிருமியும், உடம்புவலி மாத்திரைகளும்தான் இந்தப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள். கிருமி இருந்தால், டாக்டர் தரும் மாத்திரைகளைச் சாதாரணமாக 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எனவே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பயண நாட்களுக்கு வேண்டிய மாத்திரையோடு நாலு நாள் மாத்திரை கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டையும் மாத்திரையையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

ரயிலில் இடுப்பு வலித்தால் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிற பழக்கம் உண்டு. அல்சர்காரர்களுக்கு அது ஆகாது. புண்ணிலிருந்து இரத்தம் கசியும்.

இனி இன்ஷூரன்ஸ். ஆன்லைனில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவாகக் கட்டுகிறோமே, அது ரயில் விபத்து போன்ற சம்பவங்களுக்கு மட்டும்தான். வயிற்றுவலிக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அதில் பணம் வராது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். போகிற மாநிலத்தில் அது செல்லுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் பாலிசி எடுப்பவர்கள் நோயை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரைகூடக் காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே பயணத்துக்கு முதல்நாள் எடுத்துப் பயனில்லை. மறைத்து எடுத்தால், பணம் தேவைப்படுகிற நேரத்தில் இல்லையென்று கைவிரித்துவிடுவார்கள். மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போகும் பெற்றோரும், "பழைய நோய்க்குப் பணம் உண்டா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "அவருக்கு எதுக்குத் தொந்தரவு" என்று வலியை மறைக்காதீர்கள். கணவர்மார்களே, நீங்களே கேளுங்கள். மலம் தார்போலக் கறுத்துப் போனாலும், வாந்தியில் இரத்தம் வந்தாலும், திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தாலும் சாமி தரிசனம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடலாம். ஒருவர் மயங்கினால் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மற்றவர்தான். ஆகவே நோயின் பெயர், மாத்திரையின் பெயர், அட்டை இருக்கும் இடம் மூன்றும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சேர்ந்து போகிறவர்கள் சேர்ந்தே நலமாகத் திரும்புங்கள்.