அடுப்புக்கும் மேடைக்கும் நடுவே

(திருவிழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய உரையின் பொருள் மிகச் சிறியது. அதன் அகலம் ஒரு விரற்கடைக்கும் குறைவு. சமையல் மேடைக்கும் அடுப்புக்கும், மேடைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும், சுவருக்கும் கிரைண்டருக்கும் நடுவே கிடக்கும் இடைவெளியே அப்பொருள். ஆன்ம தத்துவமும் கருமக் கோட்பாடும் பேசப்பெறும் அவையில் அடுப்படிப் பிளவைப் பற்றி உரையாற்றுவதா என்று எவரேனும் வியக்கலாம். கொல்லாமை என்னும் விரதம் ஓர் இல்லத்தில் நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் அந்தப் பிளவுதான்.

அப்பிளவில் விழுவன எவை? தாளிக்கும்போது வெடித்துத் தெறிக்கும் கடுகு, களையும்போது கைதவறும் அரிசி, கரண்டியிலிருந்து சொட்டும் தோசை மாவு, ஒரு கணம் கவனம் பிசகியதும் பொங்கி வழியும் பால், வெல்லப் பாகின் ஒரு துளி. மேடையின்மேல் விழுந்தது கண்ணில் படும். துணி கொண்டு துடைக்கப்படும். துடைக்கும் அதே துணி, மிச்சத்தில் ஒரு பங்கைப் பிளவுக்குள் தள்ளிவிடுவதும் உண்டு. மேடை பளிச்சென்று விளங்கும். பிளவோ நிறைந்துகொண்டே வரும்.

பழைய அடுக்களையில் இத்தகைய பிளவு அரிது. மண்ணாலான அடுப்பு தரையோடு தரையாக ஒட்டியிருந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் சுற்றிலும் கைவிட்டுக் கழுவும்படி நின்றன. பொழுது சாயுமுன் உண்டு முடித்தமையால், அடுக்களையைத் துப்புரவு செய்யும் வேலையும் பகல் வெளிச்சத்திலேயே முடிந்தது. இரவுண்ணாமையின் பயன்களில் இதையும் ஒன்றாக எண்ணலாம், பேசுவோர்தாம் குறைவு. இன்றைய சமையலறையில் பகலிலும் இருள் குடிகொண்ட இடங்கள் பல. மாடுலர் கிச்சன் என்று அழகுபட அமைக்கப்படும் அறைகளில் பெட்டிகளும் கருவிகளும் வரிசை பிசகாமல் பொருந்தி நிற்கின்றன. பொருந்தியவைபோலத் தோன்றும் அவற்றின் நடுவே அரை விரல் இடைவெளிகள் எத்தனை என்பதை, வீடு கட்டுவோர் எவரும் தச்சரிடம் கேட்பதில்லை.

அந்த அரை விரல் இடைவெளியே சிக்கலுக்கு மூலம். கரப்பான் பூச்சியின் இயல்பை அறிந்தோர்க்கு இது விளங்கும். அது அகன்ற இடத்தை விரும்பாது; தன் முதுகும் வயிறும் ஒருங்கே இருபுறமும் தொட்டிருக்கும் நெருக்கத்தையே நாடும். வீடுகளில் காணப்படும் சிறுவகைக் கரப்பானுக்கு 5 மில்லிமீட்டர் அகலமே போதும். அதன் முட்டைக் கூடு ஒன்றில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். உணவின்றிப் பல நாள் அது தாக்குப்பிடிக்கும்; நீரின்றி நெடுநாள் இராது. ஆகவே, சூடும் ஈரமும் உணவுத் துணுக்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் அது அங்கிருந்து பெயராது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் அத்தகைய இடம். பெட்டிக்குள் உருகும் பனிநீர் பின்புறத் தட்டில் வந்து சேர்கிறது; அருகிலேயே கம்ப்ரசரின் வெம்மை. மேடையோரத்திலிருந்து விழும் பருக்கையும் அங்குச் சேருமாயின் குறை ஒன்றும் இல்லை.

எறும்பின் வழி வேறு. உணவைக் கண்ட எறும்பு மணத்தடம் ஒன்றை இட்டவாறே புற்றுக்குத் திரும்புகிறது. அத்தடத்தைப் பற்றி ஏனையவை வருகின்றன. மேடையில் சிந்திய சர்க்கரையைத் துடைத்துவிட்டாலும், பிளவுக்குள் பாகு ஒட்டியிருக்கும்வரை தடம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். எறும்பை மூவறிவுயிர் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. சமண ஆகமமும் அவ்வாறே கொள்ளும். மோப்பம் அறிந்த உயிரை மோப்பத்தால் அழைத்துவிட்டு, வந்தபின் சினப்பது என்ன நியாயம்?

இனி நிகழ்வது யாவரும் அறிந்ததே. எறும்பு பெருகும், கரப்பான் இரவில் விளக்கைப் போட்டதும் சிதறி ஓடும், குழந்தைக்குப் பால் காய்ச்சும் இடம் என்ற அச்சம் எழும், நஞ்சு வீட்டுக்குள் வரும். தெளிப்பான் ஒரு வடிவம். ஆண்டு ஒப்பந்தத்தின்பேரில் வந்து, பிளவுதோறும் புள்ளி புள்ளியாக வைத்துச் செல்லும் பசை நஞ்சு மற்றொரு வடிவம். அந்தப் பசையை உண்ட கரப்பான் தன் மறைவிடம் சென்று மடிகிறது. அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் ஏனைய கரப்பான்களும் மடிகின்றன. பிணம் கண்ணில் படாதது அதன் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. சமண இல்லங்களில் மிகுதியும் புழங்குவது எறும்புச் சாக்கட்டி. கோடு கிழித்தால் எறும்பு அதைத் தாண்டாது, அவ்வளவே என்று எண்ணி, நோன்பிருக்கும் மூதாட்டியரும் அதைப் பயன்படுத்துகின்றனர். அது வேலியன்று, பூச்சிக்கொல்லி மருந்து கலந்த கட்டி. கோட்டின்மேல் ஏறிய எறும்பின் உடலில் நஞ்சு ஒட்டுகிறது. சற்றுத் தொலைவு சென்று அது துடித்து மடிகிறது. இதை அறியாமல் கோடு கிழித்தோர் பலர். அறிந்தபின் கிழிப்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கை ஆசாரியர்கள் தெளிவாகவே எழுதி வைத்துள்ளனர். சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தாரின் கொல்லாமையை வரையறுக்கிறது. அந்நூலின் கருத்தைத் தமிழில் தருவது அருங்கலச்செப்பு. நூற்பெயரே வடமொழிப் பெயரின் நேரான தமிழாக்கம் என்பது தமிழ் கற்றோர்க்கு இன்பம் தரும் செய்தி. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும், தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்று வழியாலும், எண்ணித் துணிந்து இயங்குயிரைக் கொல்லாமையே இல்லறத்தாரின் விரதம் என்பது அதன் சாரம். அடுப்பெரித்தல், நீர் இறைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வேலைகளில் தவிர்க்க இயலாமல் நேரும் ஊறு ஆரம்ப இம்சை எனப்படும். இல்லறத்தாரால் அதை முற்றும் நீக்க முடியாது, குறைத்துக்கொள்ளவே முடியும். எண்ணிச் செய்யும் கொலையோ சங்கற்ப இம்சை. அதை விட்டேன் என்றுதான் விரதம் ஏற்கப்படுகிறது. பிளவில் உணவு சேரவிடுவது ஆரம்பத்தின்பாற்பட்ட சோர்வு. நஞ்சு வைக்க ஆளை வரவழைப்பது செய்வித்தலாகிய சங்கற்பம். முதல் வகையில் காட்டிய சோம்பல் இரண்டாம் வகைக்கு இழுத்துச் செல்கிறது. பிளவு அடைபடாதவரை புதியவை வந்துகொண்டே இருக்குமாதலால், ஆண்டுதோறும் இழுத்துச் செல்கிறது.

துறவியர்க்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் ஆதான நிட்சேபண சமிதி ஒன்று. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும், அவ்விடத்தில் உயிர் உளதா என்று பார்த்து, பீலியால் மெல்ல ஒதுக்கியபின் எடுத்தலும் வைத்தலும் அதன் பொருள். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கையில் பீலியோடு மதுரைக்குப் புறப்படுகிறார். நீர்க்கரை வழியே நடக்குங்கால் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபட்டால் வரும் துன்பம் தாங்கவொண்ணாதது எனக் கோவலனை எச்சரிக்கிறார். நடப்பதற்கே அத்துணைக் கவனம் கொண்ட மரபில் வந்தோர், நூறு கிலோ எடையுள்ள பெட்டியை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் பத்தாண்டு அதன் பின்புறத்தைப் பாராதிருக்கின்றனர்.

செய்ய வேண்டியதை ஒரு சொல்லில் கூறலாம். எந்தக் கருவியும், ஒன்று, நூலும் நுழையாதபடி ஒட்டியிருக்க வேண்டும். அன்றேல், கை தாராளமாக நுழையும்படி விலகியிருக்க வேண்டும். இடைப்பட்ட நிலையே கேடு.

ஒட்ட வைக்கக் கூடியவை எவை? மேடைக் கல்லும் சுவரும் கூடும் மூலையில் வெள்ளைச் சிமெண்டு நாளடைவில் வெடித்துவிடும். கழுவுதொட்டியின் விளிம்பிலும் அவ்வாறே. இவ்விடங்களை ஹார்டுவேர் கடைகளில் குழாயில் கிடைக்கும் சிலிகான் பசையால் அடைக்கலாம். இடம் உலர்ந்திருக்க வேண்டும்; பூசியபின் ஒரு நாள் நீர் படாமல் விட வேண்டும். மேடைக் கல்லை வெட்டிப் பதிக்கப்படும் ஹாப் அடுப்பின் கண்ணாடி விளிம்புக்கு அடியில் மென்பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது நைந்துபோனால் மாவும் பாலும் கீழே இறங்கும். பழுதுபார்ப்பவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். அடுப்புக்கும் மேடைக்கும் இடையில் செருகி, வேண்டும்போது எடுத்துக் கழுவத்தக்க சிலிகான் பட்டைகளும் கிடைக்கின்றன; சூடு தாங்கும் தரமுடையனவாகப் பார்த்து வாங்குக.

அடைக்கக் கூடாதவையும் உண்டு. மேடைமேல் கால் ஊன்றி நிற்கும் எரிவாயு அடுப்பின் அடிப்புறம் காற்று புகுவதற்குரியது. அதைச் சுற்றிப் பூசிவிடலாகாது. ரப்பர் குழாயை நசுக்குவதும் மறைப்பதும் ஆபத்து. அடியில் செய்தித்தாள் விரிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அது தீக்கும் துணை, கரப்பானுக்கும் வீடு. அடுப்பைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி வைத்து, இரவில் ரெகுலேட்டரை அணைத்தபின், ஆறிய அடுப்பைத் தூக்கி அடியைத் துடைப்பதே வழி. குளிர்சாதனப் பெட்டிக்கும் வெப்பம் வெளியேறப் பக்கத்திலும் பின்னும் இடைவெளி வேண்டும். அதைப் பட்டையிட்டு அடைத்தால் பெட்டி பழுதாகும். இயலுமாயின் மேடையை ஒட்டி வைக்காமல், சமையல் நடக்கும் இடத்திலிருந்து விலக்கி வைத்தலே நன்று. கிரைண்டரின் அடியில் விளிம்புள்ள தட்டு ஒன்றை வைத்தால், வழியும் மாவு தட்டிலேயே தங்கும்.

ஒன்றைச் சிறப்பாக வலியுறுத்த வேண்டும். பிளவைக் கண்டவுடன் பசையைப் பிதுக்கி அடைத்துவிடுவது பெருந்தவறு. உள்ளே உயிர்கள் இருக்கும். அவற்றை உயிரோடு புதைத்துவிட்டுக் கொல்லாமைக்காகச் செய்ததாகச் சொல்லிக்கொள்வது எவ்வகையிலும் பொருந்தாது. முதலில், உணவுத் துணுக்குகளை மெல்லிய தூரிகையால் வெளியே எடுக்க வேண்டும். பின்னர்ச் சில நாள் அங்கு உணவும் ஈரமும் சேராமல் காக்க வேண்டும். பகலில் டார்ச் விளக்கு அடித்துப் பார்த்து, வெளியேறிவிட்டன என்று தெளிந்த பிறகே அடைக்க வேண்டும். நீரை வடிகட்டுவோர் துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீரிலேயே திரும்ப விடும் வழக்கத்தை அறிவர். அதே பொறுமைதான் இங்கும் வேண்டுவது.

எறும்பு வரிசை முன்பே வந்துவிட்டதாயின், உணவுள்ள பாத்திரத்தை நீருக்குள் அமிழ்த்தாமல் முற்றத்தில் நிழலான இடத்தில் வைத்துவிடலாம். அவை தாமே இறங்கிப் போகும். தடத்தில் எறும்பு ஒன்றும் இல்லை என்று கண்டபின் சோப்பு நீர் தொட்டுத் துடைத்தால் மணம் நீங்கும். வாயிலில் அரிசி மாவால் கோலமிட்ட முன்னோர் எறும்புக்கு உணவு வைக்கும் இடத்தை அடுக்களைக்கு வெளியே வகுத்திருந்தனர். இன்று கல்மாவில் கோலமிட்டுவிட்டு, அரிசி மாவை மேடையிடுக்கில் சிந்துகிறார்கள்.

இவ்வளவும் யார் செய்வது என்ற வினா எஞ்சுகிறது. இத்தகைய உரைகள் பெரும்பாலும் பெண்களை நோக்கியே பேசி முடிந்துவிடுகின்றன. முழங்கால் வலியோடு குனிய இயலாத முதியவளும், வேலைக்குப் போய்த் திரும்பி இரவில் சமைக்கும் மருமகளும் குளிர்சாதனப் பெட்டியை நகர்த்த முடியாது. வேலைக்கு வரும் அம்மாளிடம் விட்டுவிட்டு, அவர் மருந்தடித்தால் அறியாதவர்போல் இருப்பது, மேலே சொன்ன உடன்படுதலில் அடங்கும். விரதம் குடும்பத்துக்குப் பொதுவாயின் வேலையும் பொதுவே. திங்களுக்கு இருமுறை, பகற்பொழுதில், வீட்டு ஆடவர் பெட்டியையும் கிரைண்டரையும் நகர்த்த, பிள்ளைகள் விளக்கைப் பிடிக்க, தூரிகையால் ஒதுக்கித் துடைத்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

தீபாவளி நெருங்குகிறது. வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய நாளென விளக்கேற்றும் திருநாள் அது. அதற்கு முந்திய வாரத்தில் முறுக்கும் அதிரசமும் செய்வதற்காக அடுப்பு ஓயாது எரியும். பாகும் மாவும் எண்ணெயும் வழக்கத்தைவிடப் பன்மடங்கு சிந்தும். பலகாரம் சுடத் தொடங்குவதற்கு முந்திய நாளே அடுப்பை நகர்த்திப் பார்த்துவிடலாம். சுட்டு முடித்த அன்று, பொழுது இருக்கும்போதே, மீண்டும் ஒருமுறை.