ரயில் பூச்சிக்கு ஒரு வீடு



ஐப்பசி மழை இறங்கிவிட்டால் போதும், எங்கள் ஊரான இடையஞ்சாவடியின் செம்மண்ணில் மரவட்டைகள் ஊர ஆரம்பித்துவிடும். பிள்ளைகளுக்கு அது ரயில் பூச்சி. தொட்டால் கொசுவத்தி மாதிரி சுருண்டுகொள்வதைப் பார்க்க அவர்களுக்கு அவ்வளவு ஆசை. பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து வைப்பார்கள், காய்ந்து செத்துப்போகும்.

பெரியவர்களுக்கோ கண்டாலே ஆகாது. அதற்கும் காரணம் உண்டு. ஜெனோபோலஸ் கார்னிஃபெக்ஸ் என்ற மரவட்டை இனம் மட்கிய கீற்றுக்கூரைகளில் கூட்டமாகக் குடியேறித் தொல்லை கொடுக்கும். போதாததற்குப் பூரான் என்ற பயம் வேறு. பூரானுக்கு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால், ஓட்டம், விஷம். மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால். மெல்ல நடக்கும், விஷக்கடி கிடையாது. மிரண்டால் உடலின் பக்கவாட்டில் ஒரு திரவத்தைக் கசியவிடும். அது கையில் கறையாகும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைக் கசக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

வெளிநாடுகளில் ஆப்பிரிக்கப் பெரிய மரவட்டையை ஆசையாக வளர்க்கிறார்கள். ஓர் அடி நீளம் வரும், பல ஆண்டுகள் வாழும். நாம் அதை விலை கொடுத்து வரவழைக்க வேண்டாம். நம் முந்திரித்தோப்பில் கிடைப்பதையே ஒரு மழைக்காலம் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டி, காற்றோட்டத் துளையிட்ட மூடி. உள்ளே பூச்சிமருந்து படாத மரத்தடி மண். ஆழம் மரவட்டையின் நீளத்துக்குக் குறையக் கூடாது. மேலே பாதி மட்கிய இலை, உளுத்த கட்டைத் துண்டு. அதுதான் அதன் சாப்பாடு. எப்போதாவது ஒரு வெள்ளரித் துண்டு போடலாம், பூசணம் பிடிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். மண் ஈரமாக இருக்கட்டும், சொதசொதவென்று வேண்டாம். ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச்சத்து தேவை. நம் கடற்கரையில் ஒதுங்குகிற கணவாய் ஓட்டை உப்புப்போக ஊறவைத்துக் கழுவிப் பொடித்துத் தூவுங்கள்.

இதில் அதிசயம் சட்டை உரிப்பதுதான். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குப் பொதுவாக மூன்று ஜோடிக் கால்களே இருக்கும். வளரும் பருவத்தில் ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் வளையங்களும் கால்களும் கூடிக்கொண்டே போகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கு அடியில் சுமார் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்து, 2021இல் அறிவிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு 1,306 கால்கள் வரை இருந்தன! உரிக்கும் நேரத்தில் மரவட்டை மண்ணுக்குள் அறை குடைந்து வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். புது ஓடு மெத்தென்று இருக்கும். உரித்த சட்டையைத் தானே தின்றுவிடும். பூச்சியைக் காணோமே என்று பிள்ளைகள் அப்போது மண்ணைக் கிளறினால் அது செத்துப்போகலாம். தயவுசெய்து காத்திருக்கச் சொல்லுங்கள்.

மழைக்காலம் முடியும் முன், எடுத்த மரத்தடியிலேயே சாயங்காலமாக விட்டுவிடுங்கள். அந்த மரத்தடிச் சருகை மட்டும் கூட்டிக் கொளுத்திவிட வேண்டாம்.