அகதியின் மனமும் அயலவர் கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அகதி என்னும் சொல்லுக்குப் பொருள் தேடி மன்னார்த் தீவார் அகராதியைப் புரட்டவேண்டியதில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடல். 1983இலும் 1990இலும் 2006இலும் இக்கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் படகேறின. யுத்தம் ஓய்ந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், 2022இல், பொருளாதார நெருக்கடி மறுபடியும் சிலரை அக்கடலில் இறக்கியது.

இவர்களின் மனம் ஏன் நோகின்றது? குண்டையும் சாவையும் கண்டமையால் என்போம். அஃது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. 1990களில் அவுஸ்திரேலியாவில் புகலிடம் கோரிய தமிழரை ஆராய்ந்த மருத்துவ அறிஞர்கள், முன்னர் பட்ட துன்பம் ஒருபுறமிருக்க, புகுந்த நாட்டிற் படும் இடர்களும் தனியே மனத்தை வருத்துவதைக் கண்டனர். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம், ஊரில் விட்டுவந்தோரைப் பற்றிய ஏக்கம், தொழிலின்மை என்பன அவ்விடர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, நமது தீவின் எருக்கலம்பிட்டி மக்களும் பிறரும் கடல்வழியே புத்தளம் பகுதிக்குச் சென்றனர். அப்பகுதியில் நெடுங்காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்தோரை ஆராய்ந்து 2013இல் வெளியான அறிக்கையில், நூற்றுக்கு 18.8 பேரிடம் மனநோய்கள் காணப்பட்டன. வேலையற்றோர், வாழ்க்கைத் துணையை இழந்தோர் அல்லது பிரிந்தோர், அடுத்த வேளை உணவுக்கு உறுதியில்லாதோர் ஆகியோரிடமே அவை மிகுந்திருந்தன. துப்பாக்கி மௌனமாகிவிட்டாலும் வெற்றுக் கையும் வெற்று அடுப்பும் மனத்தை வாட்டுகின்றன.

மண்டபம் முகாமையும் நோக்குங்கள். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த இடம் அது. அங்கே அரிசியும் உதவிப்பணமும் கிடைக்கின்றன, பிள்ளைகள் படிக்கின்றனர். ஆயினும் தமிழக முகாம்களிற் பிறந்து வளர்ந்த பலருக்கு இந்தியக் குடியுரிமை கிடையாது. 2019இல் இந்தியா இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்பதை அறியாத இளைஞன் எதை நம்பித் தொழில் தொடங்குவான், எதை நம்பி மணம் முடிப்பான்? 2021இல் தமிழக அரசு அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. மனிதரை எப்பெயரால் அழைக்கிறோம் என்பதும் அவர் மனத்தைத் தொடும் என்பதற்கு அஃதோர் சான்று.

அன்பர்களே! முகாம் நெடுந்தொலைவில் இருக்கிறதென்று நாம் ஆறுதலடைய முடியாது. திரும்பி வந்தோர் நம் அயலில் வாழ்கின்றனர். இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் அவர்களுள் உளர். அவர்களிற் பலருக்குக் காணித் தகராறு. இந்தியாவிற் பிறந்த பிள்ளைகளுக்கோ பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமைப் பத்திரச் சிக்கல். “நீங்கள் எந்த ஊர்?” என்று சொந்த ஊரிலேயே ஒருவரைக் கேட்பது எத்துணைக் கொடுமை!

நாம் வைத்தியரல்லோம். நோய் முற்றியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதே முறை. ஆனால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். கச்சேரிக்குக் கூடச் செல்லலாம். பின்தங்கிய பிள்ளைக்கு மாலையிற் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். பெரியோர்கள் அவர்களைக் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் உரிமையோடு முன்னே அழைக்கலாம். வரும் ஆண்டில் நமது சங்கம் மதம் பாராது இப்பணியை மேற்கொள்ள வேண்டுமெனக் கேட்டு அமைகிறேன்.