தொப்பி வந்துச்சு, நிலம் வரலை: வெஸ்டர்ன் படங்களும் நம்ம டெல்டாவும்

இந்த எபிசோடுல வெஸ்டர்ன் படங்கள். ஜான் ஃபோர்டு, செர்ஜியோ லியோனே, க்ளின்ட் ஈஸ்ட்வுட், நம்ம ஜெய்சங்கர் எல்லாரும் வருவாங்க. ஆனா நான் தஞ்சாவூர்க்காரன். எங்க ஆரம்பிச்சாலும் பேச்சு கடைசியில வயல்லதான் வந்து நிக்கும், இப்பவே சொல்லிடறேன்.

ஒரு படத்தை வெஸ்டர்ன்னு சொல்ல வைக்கிறது எது? குதிரை, தொப்பி, இடுப்புல துப்பாக்கி, புழுதி. டக்குனு இதைத்தான் சொல்வோம். ஆனா லியோனே தன் படங்கள்ல நிறைய ஸ்பெயின்ல எடுத்தாரு. 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) குரோசவாவோட 'யோஜிம்போ' (1961) சாமுராய் கதை. வாளை எடுத்துட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தா கதை அப்படியே ஓடுது. அப்போ தொப்பியும் குதிரையும் வெறும் யுஐதான். பின்னாடி ஓடற லாஜிக் வேற.

அந்த லாஜிக் 'ஷேன்' (1953) படத்துல ரொம்பத் தெளிவா தெரியும். ஒரு பள்ளத்தாக்கு. மாடுகளை வெச்சு அந்த நிலம் பூராவும் தன்னோடதுன்னு சொல்ற ஒரு பெரிய பண்ணைக்காரன். அதே நிலத்துல வேலி போட்டு விவசாயம் பண்ண வந்த சின்னக் குடும்பங்கள். போலீஸ் ரொம்ப தூரத்துல. பண்ணைக்காரன் ஒரு துப்பாக்கிக்காரனைக் கூலிக்குக் கூட்டிட்டு வர்றான். நிலம் யாருக்கு, தண்ணி யாருக்கு, சட்டம் வர்றதுக்குள்ள யார் உயிரோட இருப்பாங்க. அவ்வளவுதான் கதை. (அந்த நிலம் அதுக்கு முன்னாடி பூர்வகுடி மக்களோடதுங்கிறதை இந்தப் படங்கள்ல பாதிக்கு மேல வசதியா மறந்துடும். ஃபோர்டோட 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்துல அவங்க துரத்தறதுக்கு மட்டும்தான் வர்றாங்க.)

இதுக்குப் பின்னாடி நிஜச் சம்பவமும் இருக்கு. 1892-ல வயோமிங்ல, ஜான்சன் கவுண்ட்டிங்கிற இடத்துல, பெரிய மாட்டுப் பண்ணைக்காரங்க ஒரு சங்கம் வெச்சிருந்தாங்க. சங்கத்து ஆளுங்க டெக்சாஸ்ல இருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரங்களைக் கூட்டிட்டு வந்து, சின்ன விவசாயிகளைக் கொல்ல லிஸ்ட் போட்டுக் கிளம்பினாங்க. ஆளுங்க செத்தாங்க. கேஸ் போட்டாங்க. கேஸ் நடத்த அந்த கவுண்ட்டிகிட்ட காசு இல்லை. கடைசியில ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. இதைத்தான் மைக்கேல் சிமினோ 'ஹெவன்ஸ் கேட்' (1980)னு எடுத்து, ஸ்டூடியோவையே கவுத்தாரு. இந்தச் சங்கத்தை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்குநர் ஆனாரு. ஜெய்சங்கரை வெச்சு 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975). கடைசிப் படத்துப் பேரைப் பாருங்க, பட்டா கேஸ் மாதிரியே இருக்கு. 1978-ல ரஜினி 'தாய் மீது சத்தியம்'. ரொம்ப நாள் கழிச்சு சிம்புதேவனோட 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' (2010). அதுல ஊர் பேரு ஜெய்சங்கர்புரம், வில்லன் நாசர் பேரு கிழக்கு கட்டை. ஈஸ்ட்வுட்டைத் தமிழ்ப்படுத்தினதுல இதை விட நல்ல மொழிபெயர்ப்பு கிடையாது. 2023-ல 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்'ல லாரன்ஸ் ஈஸ்ட்வுட் ரசிகனாவே வர்றாரு. இந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனா ஜெய்சங்கர் கௌபாய் படம்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் மனசுல வர்றது குதிரையும் தொப்பியும்தான். யுஐ வந்துச்சு, லாஜிக் பெருசா வரலை.

டெல்டா வெஸ்டர்ன் மாதிரி தெரியாதுங்கிறதும் ஒரு காரணமா இருக்கலாம். நம்ம மனசுல அது எப்பவும் பச்சை. சேத்துல குதிரை ஓடாது. ஆனா சம்பா அறுத்த பிறகு மாசி, பங்குனியில வந்து பாருங்க. வயல் பாளம் பாளமா வெடிச்சு, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மண்தான். அந்த நேரத்துல ராமநாதபுரம் பக்கத்துல இருந்து கீதாரிகள் நூத்துக்கணக்கான ஆடுகளை ஓட்டிட்டு வந்து வயல்ல கிடை போடுவாங்க. குதிரையும் துப்பாக்கியும் இல்லாத கௌபாய். கையில ஒரு தொரட்டி.

லியோனேவோட 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' பார்த்திருப்பீங்க. பாலைவனத்துல தண்ணி இருக்கிற ஒரு நிலம், பேரு ஸ்வீட்வாட்டர். ரயில் எஞ்சினுக்குத் தண்ணி வேணும், அதனால தண்டவாளம் அந்த வழியா வந்தே ஆகணும். அந்த நிலத்துக்காக ரயில் முதலாளியோட ஆளு ஒரு குடும்பத்தையே சுட்டுக் கொல்றான். கடைசியா வீட்டுக்குள்ள இருந்து ஓடி வர்ற சின்னப் பையனையும். அதுவரைக்கும் நல்லவனாவே பார்த்துப் பழகின ஹென்றி ஃபோண்டாவோட முகம் அது.

அந்தப் படம் இத்தாலியில் வெளியானது 1968 டிசம்பரில். அதே டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். தாக்குதலுக்குப் பயந்து ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்கள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள், கூலியாகக் கூடுதல் நெல் கேட்டார்கள். எதிர்ப்பக்கம் மிராசுதார்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. நெல் உற்பத்தியாளர் சங்கம்.

கேஸ் நடந்துச்சு. கீழ்க்கோர்ட்டு தண்டனை கொடுத்துச்சு. 1973-ல சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை பண்ணிச்சு. இவ்வளவு நிலம் உள்ள பணக்காரங்க, அதுல ஒருத்தர் கார் வேற வெச்சிருக்கிறவர், வேலைக்காரங்களை விட்டுட்டுத் தாங்களே நடந்து போய்த் தீ வெச்சிருப்பாங்கன்னு நம்ப முடியலை, இதுதான் அந்தத் தீர்ப்புல இருந்த வாதம். ஜான்சன் கவுண்ட்டியில காசில்லாம கேஸ் செத்துச்சு. இங்க காரால. தமிழ்நாட்டுத் தியேட்டர்கள்ல கௌபாய் படம் ஓடிக்கிட்டிருந்த அதே வருஷங்கள் இது.

இதுல முதல் குற்றவாளியா இருந்த கோபாலகிருஷ்ண நாயுடு 1980-ல வெட்டிக் கொல்லப்பட்டார். வெஸ்டர்ன்ல இது க்ளைமாக்ஸ். 'அன்ஃபர்கிவன்' (1992) பார்த்தவங்களுக்கு அதுல எவ்வளவு கைதட்டலாம்னு ஒரு சந்தேகம் வரும். எனக்கும் அந்த சந்தேகம் இருக்கு. ஏன்னா அந்தக் கொலையால ஒரு குழி நிலம்கூட யாருக்கும் கிடைக்கலை.

சினிமா இதைத் தொடவே இல்லைன்னு சொல்ல முடியாது. இந்திரா பார்த்தசாரதியோட 'குருதிப்புனல்' நாவலை வெச்சு ஸ்ரீதர் ராஜன் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' (1983) எடுத்தாரு. 2005-ல பாரதி கிருஷ்ணகுமாரோட 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் வந்துச்சு. ரெண்டையும் தேடிப் பாருங்க. ஆனா ஒரு பெரிய கமர்ஷியல் வெஸ்டர்னா, இடைவேளைக்கு விசில் பறக்கிற மாதிரி, டெல்டா நிலத்தை வெச்சு ஒருத்தரும் எடுக்கலை. ஏன் எடுக்கலைன்னா, வில்லனுக்குக் கிழக்கு கட்டைன்னு பேரு வெச்சா யாருக்கும் கோபம் வராது. மிராசுதாரர்னு வெச்சா சாதி பேர் கேக்கும். தொப்பி நமக்கு அந்த வகையில ரொம்ப வசதி.

நிஜ டெல்டாவுல கதை வேற மாதிரி நகர்ந்துச்சு. 1969-ல கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்துச்சு. 1971-ல குடியிருப்பு மனையைக் குடியிருக்கிறவங்களுக்கே சொந்தமாக்கற சட்டம். அதுவரைக்கும் குடிசை இருக்கிற இடமே மிராசுதாரரோடது, எதிர்த்துப் பேசினா வீடு போயிடும். வெண்மணிக்குப் பிறகு ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி இந்தப் பக்கம் வந்து வேலை செஞ்சாங்க. 1981-ல லாஃப்டி அமைப்பை ஆரம்பிச்சு, நிலக்காரங்ககிட்ட பேசி, கடன் ஏற்பாடு பண்ணி நிலத்தை வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர்னு பெண்கள் பேர்ல பதிவு பண்ணிக் கொடுத்தாங்க. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வரிசையில நிக்கறதை எந்த இயக்குநரும் ஸ்லோமோஷன்ல எடுக்க மாட்டாங்க, ஆனா நான் கேட்டா எடுக்கச் சொல்வேன்.

இந்த வாரம் 'ஒன்ஸ் அபான் எ டைம்' திரும்பப் போட்டுப் பார்க்கறதா இருந்தா, கடைசி சீன் வரைக்கும் இருங்க. துப்பாக்கிக்காரங்க செத்துட்டாங்க, மிச்சம் ஒருத்தன் கிளம்பிட்டான். நிலம் ஜில்லுங்கிற அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு. தண்டவாளம் போடற ஆளுங்களுக்குக் குடிக்கத் தண்ணி எடுத்துட்டுப் போறா.