மஞ்சள் லைட் என்ன சொல்லுது?
(மயிலாப்பூர் பகுதி உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்துல நம்ம குழுச் சகோதரி ஒருத்தர் கண் கலங்கி நின்னாங்க. குழுக் கடனில் வாங்கிய ஸ்கூட்டர். லஸ் பக்கம் ஆபீசுகளுக்குச் சாப்பாடு கொண்டு போற வண்டி. மழைக்கு அப்புறம் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் அணையவே இல்லை. "ஈ.சி.எம். போச்சு, புதுசு மாத்தணும்" என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். கடன் தவணையையே முழுங்கிவிடும் தொகை. நாங்கள் அவரோடு வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

ஈ.சி.எம். என்பது வண்டிக்குள் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. அதற்குப் பின் வந்த ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர்தான். எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்போ ஸ்பார்க் தரணும் என்று கணக்குப் போடுவது ஈ.சி.எம். அதற்குக் கண்ணும் காதும் சென்சார்கள்.

உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பார்க்கும் சென்சாருக்கு ஈ.சி.எம். 5 வோல்ட் கொடுக்கும். சூடு கூடினால் வோல்ட் குறையும். வயர் விட்டுப்போனால் குறையாமல் அப்படியே நிற்கும். மயிலாப்பூர் மே மாத வெயிலிலும் "மைனஸ் 40 டிகிரி குளிர்" என்று அதற்குத் தோன்றும்! நடக்கிற காரியமா? உடனே பி0113 என்று ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு, லைட்டைப் போட்டுவிட்டு, ஒரு பொது அளவை வைத்து வண்டியை ஓட்டும்.

கவனிங்க: அந்த எண் "இந்தப் பாதையில் கோளாறு" என்றுதான் சொல்கிறது. "இந்தப் பொருளை மாத்து" என்று சொல்லவில்லை. வயர், கனெக்டர், சென்சார் எல்லாம் பார்த்த பிறகுதான் ஈ.சி.எம். மேல் சந்தேகம் வரணும்.

அந்த வண்டியிலும் ஸ்கேனர் போட்டதும் இதே எண்தான் வந்தது. கனெக்டரில் தண்ணீர் போய்ப் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்து மாட்டினார், எண்ணை அழித்தார், லைட் திரும்ப வரவில்லை.

மனதில் வைக்க:

1. சாவி போட்டதும் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தால் பயமில்லை. எரியவே இல்லை என்றாலும் காட்டுங்கள்.
2. கோளாறு எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அழிக்க விடாதீர்கள்.
3. பொருள் மாற்றச் சொன்னால், "வயரும் கனெக்டரும் பாத்தீங்களாண்ணா?" என்று கேளுங்கள்.
4. சரி செய்யாமல் எண்ணை மட்டும் அழித்தால் லைட் மறுபடி வரும்.

கையெழுத்துப் போடக் கூச்சப்பட்ட நாம்தான் இன்று வங்கியில் கணக்குக் கேட்கிறோம். பட்டறையிலும் கேட்போம்.